புல்வெட்டி ஆம்ப்ரோஸ்

சங்கு அலறியது. கையிலிருந்த சீப்பை அப்படியே கீழே போட்டேன்.

ஜூன் முப்பது, மாலை ஆறு மணி. மூடிப்போன எஃகு ஆலையிலிருந்து எங்கள் வாடிக்கைக்காரன் கிளைட் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் சலூன் சுவரில் மாட்டிய சங்கு அது. வருடத்தில் இந்த ஒரு தடவைதான் அதன் கைப்பிடியைச் சுற்றுவான். ஒப்பந்தம் முடிந்த கூடைப்பந்து வீரர்களை எந்த அணியும் விலை பேசலாம் என்று சந்தை திறக்கும் நேரம். எங்கள் பஃபலோ ஊரில் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வருகிறவன்கூட இதற்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் இரண்டாவது நாற்காலியில் வெட்டுகிறவன். முதல் நாற்காலி முதலாளி ஆம்ப்ரோஸ் அண்ணனுடையது. பக்கத்துக் கடை மேவிஸ் அக்கா ஒரு தட்டு நிறையக் கோழி இறக்கை வறுவலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விவாதத்தைத் தொடங்கினாள்.

"நம்ம ஊர் டீம் ஐஸ்பிரேக்கர்ஸ்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் இடம் இருக்கு. அந்த செர்பியாக்காரனைத் தூக்கிட்டு வரச் சொல்லு. ஏழடி ஆளு."

"ஏழடி இருந்து என்னக்கா?" என்றான் கிளைட். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். குரல் எப்போதும் கடைசி இருக்கை வரை கேட்கும். "குதிச்சா கால் தரையை விட்டு எழும்பாது. உங்க கடைக் கோழி அவனைவிட உயரமாப் பறக்கும்."

"என் கடைக் கோழிக்கு ஏதுடா இறக்கை? எல்லாத்தையும் நீதானே தின்னு தீர்த்துட்ட."

"அக்கா, சும்மா வளவளன்னு பேசாதீங்க. நமக்கு வேண்டியது டேரியன் கோல்ஸ். முப்பத்து மூணு வயசுதான் ஆச்சு. நம்ம தெருப் பையன். வீட்டுக்கு வரட்டும்."

எல்லோரும் ஆம்ப்ரோஸ் அண்ணனின் கண்ணாடி மேடையைப் பார்த்தோம். அங்கே தைல பாட்டில்களுக்கு நடுவே, பச்சை நிறத்தில், ஒரு பொம்மைப் புல்வெட்டும் இயந்திரம்.

டேரியன் அடுத்த தெருவில் வளர்ந்தவன். நாற்காலிக் கைப்பிடிமேல் பலகை போட்டு அதில் உட்கார வைத்து வெட்டிய வயதிலிருந்து அவன் தலை அண்ணனின் கையில்தான் இருந்தது. ஐந்து கோடைக்கு முன் பஃபலோவை உதறிவிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனான். போகட்டும், எல்லோரும் போகிறார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அங்கே தொலைக்காட்சியில், "பஃபலோவில் எதை விட்டுவிட்டு வந்ததில் நிம்மதி?" என்று கேட்டார்கள். பனி என்று சொல்லியிருக்கலாம். "முடிவெட்டு" என்றான். "இத்தனை வருஷம் என் தலையைப் புல்வெட்டுற மெஷின்லதான் வெட்டினாங்க." கூடவே அண்ணனின் பெயரையும் சொல்லிச் சிரித்தான்.

நாடே சிரித்தது. அன்றிலிருந்து அவர் புல்வெட்டி ஆம்ப்ரோஸ். வெளியூர் ரசிகர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று புல்வெட்டும் சத்தம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தகப்பனும் மகனுமாக வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பொம்மையை யாரோ தபாலில் அனுப்பினார்கள். அண்ணன் அதைத் தூக்கி எறியவில்லை. தினம் காலையில் தூசி துடைத்து அதே இடத்தில் வைப்பார்.

"சொல்லுங்கண்ணே," என்றான் கிளைட், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "அவன் வந்தா கோப்பை வரும்ணே."

அண்ணன் கிளிப்பருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினார். "வேற வாசல் நாலு திறந்திருக்கிறவனுக்கு இந்த வாசல் எதுக்குடா?"

"அவனை மன்னிக்கவே மாட்டியா?" என்றாள் மேவிஸ்.

"அவன் கேக்கவே இல்லையே."

அப்போதுதான் கதவு திறந்தது. குனிந்து உள்ளே நுழைந்தது டேரியன் கோல்ஸ்.

கிளைட் வாயில் இருந்த எலும்பு கீழே விழுந்தது. எங்கள் ரசிகர் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வீரன் எந்த ஊரில் சாப்பிட்டான், எங்கே வீடு பார்த்தான், யாரிடம் தலையைக் கொடுத்தான் என்று பார்த்து, அவன் எந்த அணிக்கு வரப்போகிறான் என்று முடிவு கட்டிவிடுவோம். சந்தை திறந்த கால் மணி நேரத்தில் அவன் எங்கள் கடைக்கே வந்துவிட்டான் என்றால் வேறு என்ன அர்த்தம்?

"ஆம்ப்ரோஸ் மாமா!" என்று கையை விரித்தான் டேரியன். "கோபமெல்லாம் போயிருக்கும்னு நினைக்கிறேன். அது சும்மா ஒரு ஜோக் மாமா. தலை காடு மாதிரி கிடக்கு. உங்க கை பட்டாத்தான் சரியாகும்."

அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்படியில் ஏறி வந்த கால்களைப் பார்த்தார். இடது கால் முன்னால் வந்தது. வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது.

"வாப்பா," என்றார். "உக்காரு."

ஆறடி எட்டு அங்குல ஆள். அவன் உச்சந்தலை எட்ட வேண்டுமென்றால் நாற்காலியைக் கடைசி மட்டத்துக்கு இறக்க வேண்டும். முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிடும். வெட்டி முடித்ததும் பெடலை மிதித்து நாற்காலியை மேலே ஏற்றி, அதற்கப்புறம்தான் துணியை உதறுவோம். இறக்கியவனே ஏற்றிவிட வேண்டும். எங்கள் கடையின் மரியாதை அது. அண்ணன் அதில் தவறி நான் பார்த்ததில்லை.

கிளிப்பர் ஓடத் தொடங்கியது. டேரியன் காதில் சொருகியிருந்த கருவியில் யாரோடோ பேசினான். முடிவெட்டுகிறவனைச் சுவர் மாதிரி நினைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அவன் அப்படித்தான் பேசினான்.

"ஆமா, அதே கடைதான். இங்க இருக்கிறவங்க இப்பவே உலகத்துக்கே சொல்லிடுவாங்க பாரு... மியாமி டீம்காரன் பார்த்தா பதறிப் போய் விலையை ஏத்துவான். இல்லப்பா, இந்த ஊருக்கு எவன் வருவான்? டாக்டர் பரிசோதனையா? முதல்ல வாக்கு கொடுக்க வைப்போம், முட்டியை அப்புறம் பார்த்துக்கலாம்."

மேவிஸ் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கிளைட் மட்டும் மூலையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தத்தில் எதுவும் கேட்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அண்ணனின் கை நிற்கவில்லை. நெற்றிக் கோட்டை இழைத்தார். காதோரம் நிழல் மாதிரி இறக்கினார். கத்தி கழுத்துப் பக்கம் போனபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கீறல்கூட விழவில்லை. என் கண் அறிய அவர் வெட்டியதிலேயே அழகான வெட்டு அது.

"கிளைட் அண்ணே," என்றான் டேரியன், "போனை எடுங்க. நேரலையாப் போடுங்க. வீட்டுக்கு வந்துட்டேன்னு ஊருக்குத் தெரியட்டும்."

"இதோ!" கிளைட் போனைத் தூக்கிப் பிடித்தான். கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

டேரியன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். கன்னத்தைத் தடவிக் காட்டினான். "பஃபலோ! எப்படி இருக்கு?"

அண்ணன் துணியை உருவி உதறினார். பெடலை விட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"முடிஞ்சுதுப்பா. எந்திரி."

டேரியன் கைப்பிடிகளைப் பிடித்து எழுந்தான். பாதியில் வலது முட்டி மடங்கியது. தொப்பென்று திரும்ப விழுந்தான். சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றான். இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கிளைட் போனை இறக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா," என்றான் டேரியன் மெதுவாக. "நாற்காலியைக் கொஞ்சம் ஏத்துங்க."

அண்ணன் பொம்மையைக் கையில் எடுத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. நான் அடி எடுத்து வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கடைசியில் டேரியன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணாடி மேடையை இரண்டு கையாலும் பற்றி, தவழ்ந்து எழுகிற குழந்தை மாதிரி எழுந்தான்.

அன்று இரவுக்குள் நாடு முழுக்க அதைப் பார்த்துவிட்டது. மியாமி செர்பியாக்காரனை எடுத்துக்கொண்டது. மற்ற அணிகள் டேரியனின் தொலைபேசி அழைப்பை எடுக்கவே இல்லை. முடிவெட்டைப் பற்றி மட்டும் யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

அந்த வார முடிவில் மேவிஸ் கடைக்குள் வேகமாக வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சந்தோஷமாடா ஆம்ப்ரோஸ்? கேட்டியா சேதி? நம்ம ஐஸ்பிரேக்கர்ஸே அவனை எடுத்துட்டாங்க! லீகிலேயே ஆகக் குறைஞ்ச சம்பளம். ரெண்டு வருஷம். பெஞ்சுல உக்கார்றதுக்கு. நீ பழி வாங்குறேன்னு போய், அவனை நம்ம தலையிலேயே கட்டிட்ட!"

கிளைட் சங்குப் பக்கம் கையைக் கொண்டுபோனான். என்ன நினைத்தானோ, இழுத்துக்கொண்டான்.

அண்ணன் ஐந்து வருடமாக மேடையில் இருந்த பொம்மையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு முதல் நாற்காலியைக் கடைசி மட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேற வாசல் எல்லாம் சாத்தியாச்சுல்ல, மேவிஸ்? இனி அவன் எந்திரிக்கணும்னா நான் பெடலை மிதிச்சாத்தான்."