முன்னாடி என்ன அரைச்சீங்க?

கண்ணைத் திறந்தாலும் எரிந்தது, மூடினால் அதைவிட எரிந்தது. வேதா பாத்ரூமில் தடவித் தடவிச் சொம்பைக் கண்டுபிடித்து, முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டாள். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும்தான். விவரம் தெரிந்த நாளாக வெள்ளிக்கிழமைதோறும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கரிக்கும், அப்புறம் போய்விடும். இது போகிற எரிச்சலாகவே இல்லை. மண்டை எரிந்தது, காதுக்குப் பின்னால் எரிந்தது, பின்கழுத்து எரிந்தது.

"என்னங்க! கண்ணு ரொம்ப எரியுதுங்க!"

ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது.

"நல்லா தண்ணி அடிச்சுக் கழுவு. சரியாப் போயிடும்" என்றார் அவள் கணவர் சத்யநாராயணன். பேப்பரை அவர் கீழே வைக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. பத்தரை மணிக்குச் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. கணக்கு டீச்சர், நிரந்தர வேலை. இதற்காகத்தான் நாற்பது வயதுக்கு மேல் தபாலில் பி.எட். படித்தாள். சாம்பார் கொதிக்கும்போது படித்தாள், குக்கர் விசிலுக்கு நடுவே படித்தாள். "வீட்டுல என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?" என்று அவர் கேட்டதை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் படித்தாள். காலையில் எழுந்து, முகம் கழுவி, தலையை அழுந்த வாரிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தாள்.

அவர்தான் விடவில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் வழியுற தலையோடவா நல்ல காரியத்துக்குப் போவ? நானே போய் அரைச்சுக்கிட்டு வந்த புதுப்பொடி இருக்குல்ல. போட்டுக் குளி."

நானே போய் அரைச்சுக்கிட்டு வந்த பொடியாம். கேட்டீர்களா கதையை! சீயக்காயை ஒவ்வொன்றாக உடைத்துக் கொட்டை நீக்கியவள் வேதா. பச்சைப்பயறு, வெந்தயம், பூந்திக்கொட்டை, செம்பருத்தி, பூலாங்கிழங்கு எல்லாவற்றையும் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துக் காயப்போட்டு, வெயில் நகர நகர வேட்டியை இழுத்து இழுத்து வைத்தவளும் வேதாதான். சத்யநாராயணன் செய்ததெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்வந்த ஒரே ஒரு வேலை. அதுவும் வாழ்க்கையில் முதல் தடவை. வேதா புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்ததால் வேறு வழியில்லாமல் போனார். போய்விட்டுத் திரும்பியபோது இமயமலை ஏறி இறங்கியவர் மாதிரி பையைக் கீழே வைத்து, "கால் மணி நேரம். வேலை முடிஞ்சுது. நீங்கள்லாம் போனா அரை நாள் கதை பேசிட்டு வருவீங்க" என்றார்.

அஸ்தினாபுரத்தில் அவர்கள் குடியிருந்த நகரின் நலச்சங்கக் கூட்டத்தில் மைக் கிடைத்தால் போதும், சத்யநாராயணன் ஷாம்பூவைப் பிடித்துக் கிழிப்பார். "எங்க வீட்டுக்குள்ள ஷாம்பூ பாக்கெட் நுழைஞ்சதே இல்ல சார். எல்லாம் நேச்சுரல்." நேச்சுரலுக்காக யார் முதுகு ஒடிகிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் தலையில் முடி என்று இருந்தது காதோரத்து இரண்டு கொத்துதான். அதற்கும் சனிக்கிழமை சனிக்கிழமை கிண்ணத்தில் பொடி கரைத்து, வடித்த கஞ்சி ஊற்றி நீட்ட வேண்டும்.

குளித்து முடித்ததும் வேதா கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. இமை வீங்கி, தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

"கண்ணை மூடிக்கிட்டுத் தேய்க்கணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார் சத்யநாராயணன், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் தாம்பரத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்கூட்டர் பெட்டியில் அதே பொடியை ஒரு பாக்கெட் கட்டி வைத்திருந்தார். ஆபீஸ் மேனேஜருக்காம்.  பேசினால் இன்டர்வியூவுக்கு வைத்திருக்கிற தெம்பெல்லாம் ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும். அவர் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஆபீஸ் உதவியாளர் தனசிங் அவளை நிமிர்ந்து பார்த்தவர், நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மேடம், அங்கயே நில்லுங்க. மெட்ராஸ் ஐ கீது உங்களுக்கு."

"மெட்ராஸ் ஐ இல்லீங்க. சீயக்காய் பட்டுருச்சு. எனக்கு இன்டர்வியூ இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் இன்னா இன்னாவோ சொல்றாங்க. பசங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. வூட்டுக்குப் போயிட்டு, கண்ணு சரியானதும் வாங்க."

"சரியானதும் வந்தா வேலை இருக்குமா? இன்னிக்குத்தானே எடுக்கறீங்க?"

 தனசிங் வழியை விடவில்லை. பின்னால் பெஞ்சில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த இரண்டு இளம் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். கண்ணுக்கு வருகிற வியாதிக்கு மூக்கை மூடுகிறார்களே என்று வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் போக மாட்டேன். எச்.எம்.மைக் கூப்பிடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வகுப்பறை ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

தலைமை ஆசிரியை யூனிஸ் வெளியே வந்தார். பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது.

"சாரிமா. நாலாம் வகுப்புல பாதிப் பேர் கண்ணு வந்து வீட்டுல இருக்காங்க. என்னால ரிஸ்க் எடுக்க முடியாது."

"சீயக்காய் மேடம். சத்தியமா சீயக்காய்."

"நானும் சீயக்காய்தான் போடறேன். ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே."

சத்தம் கேட்டு, கிளம்பத் தயாராக இருந்த சத்யநாராயணன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார். மனைவிக்காக வந்தார் என்று நினைக்க வேண்டாம். சீயக்காயைக் குறை சொல்வது காதில் விழுந்துவிட்டது, அதுதான் விஷயம்.

"மேடம், பொடியில ஒரு குத்தமும் கிடையாது. நானே கூட நின்னு அரைச்சது. சுத்தமான நேச்சுரல்."

வேதா அவர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து எரிச்சலில் ஓடாத புத்தி அப்போதுதான் ஓடியது.

"முன்னாடி என்ன அரைச்சீங்கன்னு கேட்டீங்களா?"

மெஷினில் முன்னால் அரைத்தது நம் பொடியில் கலந்துவிடக்கூடாதே என்று, மில்லுக்குப் போகிற எந்தப் பெண்ணும் பையை இறக்குவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. வேதாவின் அம்மா கேட்டாள், வேதா கேட்பாள், அந்த வராந்தாவில் நின்ற யூனிஸும் கேட்பார் என்பது அவர் சட்டென்று நிமிர்ந்ததில் தெரிந்தது.

"அதெல்லாம் எதுக்குக் கேக்கணும்?" என்றார் சத்யநாராயணன். "சீயக்காய் மெஷின்ல பெல்ட் அறுந்து போச்சு, சாயங்காலம் வாங்கன்னான் மில்லுக்காரன் தயாளன். நான் விடுவேனா? பக்கத்து மெஷின் சும்மாதானே நிக்குது, அதுல போடுன்னேன். வேணாம் சார், வேணாம் சார்னு இழுத்தான். ஒரு அதட்டல் போட்டேன். மறுபேச்சு இல்ல!"

"பக்கத்து மெஷின் மிளகாய் மெஷின்" என்றாள் வேதா.  "மிளகாய் அரைக்கிற மெஷின்ல போட்டுக் கொண்டுவந்து, என் தலையில தேய்ச்சுக்கச் சொன்னீங்களா? நான் படிச்ச படிப்பு, தூங்காத தூக்கம் எல்லாத்தையும் ஒரு அதட்டல்ல அரைச்சுட்டு வந்துட்டீங்களே! கத்தினேனே, எழுந்து வந்து என்னன்னு பார்த்தீங்களா?"

"மிளகாயாவது மண்ணாவது! மிளகாய் இருந்தா சிவப்பாத் தெரியாதா? நீ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தேய்ச்சதுக்குப் பொடி மேல பழி போடற." அவருக்கும் சூடேறிவிட்டது. விறுவிறுவென்று போய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மேனேஜர் பாக்கெட்டை எடுத்து வந்தார். "மேடம், நீங்களே பாருங்க. உங்க முன்னாடியே போட்டுக் காட்டறேன்."

தனசிங்கின் மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீரில் ஒரு கை பொடியைக் குழைத்தார். நெற்றி எது, தலை எது என்று எல்லை தெரியாத அந்தப் பரப்பில் பட்டையாக அப்பினார். அதோடு விட்டாரா? ஒரு விரலில் எடுத்து மூடிய இமைமேல் இழுத்துவிட்டு, ஜம்பமாகக் கண்ணைத் திறந்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. சும்மா குளுகுளுன்னு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முதலில் மூக்கு விடைத்தது. அடுத்து ஒரு கண் இறுக்கி மூடிக்கொண்டது, கூடவே இன்னொன்றும். "ஐயோ" என்று கையை மேலே கொண்டுபோனார். அந்தக் கை முழுக்கப் பொடி. அதாலேயே கண்ணைக் கசக்கினார். பிறகு அவர் வராந்தாவில் குதித்த குதியைப் பார்க்க, மூக்கை மூடியிருந்த பெண்கள் முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

யூனிஸ் குனிந்து அவர் கண்களைப் பார்த்தார். வேதாவின் கண்களைப் பார்த்தார். இரண்டு ஜோடியும் ஒரே சிவப்பு.

"தனசிங், சாரைக் குழாய்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். "நீங்க உள்ள வாங்க வேதா. போர்டுல ஒரு கணக்கு போட்டுக் காட்டணும், கண்ணு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"வேதா!" பின்னாலிருந்து சத்யநாராயணன் அலறினார். "வேதா, என்னடி இது, இப்படி எரியுது! என்ன பண்றது?"

அவள் செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா தண்ணி அடிச்சுக் கழுவுங்க" என்றாள். "சரியாப் போயிடும்."