தையல் மிஷின் மாதிரி ஒரு வண்டி

யாவோரின் மோட்டார் சைக்கிள் கிளம்பினால் ரோடோப்பி மலைக்கே தெரியும். புகைக்குழாய்க்குள் சத்தத்தை அடக்கும் தகடுகளைப் பதினெட்டு வயதிலேயே பிடுங்கி எறிந்த புத்திசாலி அவன். ஹாரன் கெட்டு இரண்டு வருஷமாகிறது; அந்தக் குழாய் இருக்க ஹாரன் எதற்கு? கைக்குழந்தை கலினாதான் பாவம், தினம் மூன்று தடவை அலறி எழுந்தாள். அவளை மறுபடி தூங்கவைப்பதற்குள் அவன் மனைவி ஸ்லாத்தினாவுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

"ஒண்ணு அந்தக் குழாய் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஈஸ்டர் முடிந்த மறுநாள் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டு புதுக் குழாய்களோடு முற்றத்தில் உட்கார்ந்தான் யாவோர். பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. என்ஜினோடு குழாயைப் பிடித்திருக்கும் வளையங்கள் துருவேறி ஒட்டிக்கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உளியை வைத்துத் தட்டினான். இடதுபக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. வலதுபக்கம் அவன் விரல் முட்டியைப் பெயர்த்துவிட்டுத்தான் சுழன்றது. ரத்தம் கல்லில் சொட்டியது. ஸ்லாத்தினாவுக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று.

"நாளைக்குப் பாத்துக்கலாம், விடு."

"கேட்டது நீதானே? இந்தா, குழாயைப் பிடி. ஆடாம பிடி, கல்யாணத்துல மெழுகுவத்தி பிடிச்ச மாதிரி."

பிடித்தாள். புதுச் செம்பு வாஷரை வைத்து அவன் இறுக்கினான். உதைத்துக் கிளப்பியதும் கொஞ்சம் புகை வந்தது. பிறகு மெல்லிய உறுமல், அவ்வளவுதான். இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கலினா அசையவில்லை.

"தையல் மிஷின் மாதிரி இருக்கு. ஊருக்குள்ள ஓட்டவே வெக்கமா இருக்கு" என்றான்.

"அழகா இருக்கு" என்று அவன் எண்ணெய்க் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"கீழே கடைத்தெருவுல பெட்ரோல் போட்டுட்டு, அப்படியே திரும்பி மேல் சுனை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கறேன். பீன்ஸ் சூப்பை அடுப்புல ஏத்து."

அவன் போனதும் முற்றத்தைக் கழுவி, சோப்புத் தண்ணீரை வாசல் சாலையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் வீட்டைத் தாண்டியதும் சாலை குறுகிவிடும். பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரே ஒரு வண்டி போகிற அகலம். அந்தக் குறுகலின் மேல்முனையில் ஒரு சுனை, கீழ்முனையில் ஒரு சுனை. நடு வளைவில் வண்டி முட்டிச் செத்த அண்ணன் தம்பியின் போட்டோவை மேல் சுனைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். அவர்கள் போனதிலிருந்து ஊர் வழக்கம் ஒன்று உண்டு: சுனையில் என்ஜினை அணைத்து, எதிரே வண்டிச் சத்தம் வருகிறதா என்று கேட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். யாவோர் மட்டும் நிற்கவே மாட்டான். அவன் சத்தத்தைக் கேட்டு மற்றவர்கள் நிற்பார்கள். "உன் வண்டி கத்துச்சுன்னா எனக்கு ஒரு சிகரெட் நேரம்டா" என்று மரம் ஏற்றும் லாரி ஓட்டும் கிழவர் ஸ்தாமென் அவனைக் கிண்டல் செய்வார்.

சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது மலையில் லாரி வரும் இரைச்சல் கேட்டது. மேல் சுனையில் அது நின்றது.

தினமும் கேட்கிற அமைதிதான். இன்று ஸ்லாத்தினாவின் கை நின்றுவிட்டது. ஸ்தாமென் இப்போது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். என்ன கேட்கும் அவருக்கு? குழாய் மாறிவிட்டது. ஓட்டுகிறவன் அதே யாவோர். நிற்கமாட்டான்.

கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். சாலை காலியாக இருந்தது. போய்விட்டானா, இன்னும் கடைத்தெருவில்தான் இருக்கிறானா? மற்ற நாளென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். அப்புறம்தான் காலடியில் பார்த்தாள். ஈரச் சோப்பு நுரையைக் கிழித்துக்கொண்டு ஒற்றை டயர்த் தடம் மேலே போயிருந்தது.

லாரி மறுபடி கிளம்பியது.

ஓடினாள். கீழ்ச் சுனையைத் தாண்டும்போது பிரேக் நீளமாகக் கிறீச்சிட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

வளைவிலிருந்து ஸ்தாமென் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நின்னேன், தாயி. அணைச்சிட்டுக் கேட்டேன். சத்தியமா ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணுமே வரலையே."

கிழவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குழந்தை எங்கே, தாயி?"

"தூங்குறா" என்றாள் ஸ்லாத்தினா. "சத்தமே இல்லையே, நல்லா தூங்குறா."