சிவப்புக் கயிற்றுக் கேள்வி

நிஸ்தாருக்குப் படகு ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடைத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, மனைவி ஸாலிஹாவை வாவிக்குக் கூட்டி வந்துவிட்டான். இனிச் சுற்றுலாக்காரர்களைத் தாராளமாக ஏற்றலாம். முதல் சவாரி மட்டும் அவளுக்கு. அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதால் மிதவை அங்கியைத் தானே பூட்டிவிட்டான். தனக்குப் போடவில்லை. பதினைந்து வருஷம் எஞ்சின் பிடித்தவனுக்கு அதெல்லாம் எதற்காம்!

உண்மையைச் சொன்னால், அந்தப் பத்திரத்தில் பாதி ஸாலிஹாவுடையது. புத்தகத்தைக் கண்டாலே அவனுக்குக் கொட்டாவி வரும். அவள்தான் மீன் ஆய்ந்துகொண்டே கேள்வி கேட்பாள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது எது? கையில் மாட்டிய சிவப்புக் கயிறு. ஆள் விழுந்ததும் அது கொளுக்கியைக் கழற்றிவிடும், எஞ்சின் நின்றுவிடும். நிஸ்தார் பரீட்சையில் இதை அட்சரம் பிசகாமல் எழுதி முழுப் புள்ளி வாங்கினான்.

வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்து, அந்தக் கொளுக்கியைத் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலால் எஞ்சினோடு இறுக்கிக் கட்டினான். கயிறு தட்டுப்பட்டு நடுவாவியில் எஞ்சின் நின்றால் சவாரிக்கு வந்தவர்கள் சிரிப்பார்களே!

நாவற்குடாப் பக்கம் தூரத்தில் சிநேகிதன் அசனாரின் தோணி தெரிந்தது. நிஸ்தாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்று பத்திரத்தை ஆட்டிக் காட்டினான். தண்ணீருக்குள் மறைந்திருந்த வலைக்கம்பில் படகு மோத, ஆள் குப்புறத் தண்ணீரில் விழுந்தான். கட்டிய கொளுக்கி கழலாமல், கயிறுதான் அவன் கையிலிருந்து உருவிப் படகிலேயே கிடந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தான். எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சினைத் திருப்பும் கைபிடி ஒருபக்கம் மடங்கிக் கிடக்க, படகு வட்டமடித்து அவனை நோக்கியே வந்தது.

"புள்ள! சிவத்தக் கயித்த இழு!"

அவள் ஏற்கெனவே இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். "இழுக்கன், வருதில்ல! என்னத்தால கட்டி வெச்சிருக்கீங்க?"

 நிஸ்தார் மூச்சைப் பிடித்து மூழ்கினான். எஞ்சினின் இரைச்சல் தலைக்கு மேலே போனது. மேலே வந்தபோது படகு மறுபடி கிறுகி அவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஸாலிஹா ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் விழுந்துவிட்டால்?  அந்த நினைப்போடே மறுபடி மூழ்கினான்.

மூன்றாம் வட்டத்தில், புத்தகத்தின் அடுத்த கேள்வியை அவள் தனக்கே கேட்பது காதில் விழுந்தது. "கயிறு வேலை செய்யாட்டி மறுகா என்ன? பெற்றோல் குழாய்!" கறுப்புக் குழாயை டாங்கியிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

குழாயில் மிச்சமிருந்த பெற்றோல் எஞ்சினை இன்னும் ஓட்டியது. மூழ்க அவனிடம் மூச்சில்லை. கண்ணை மூடி, சாகும்போது சொல்லும் கலிமாவைச் சொன்னான். எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. படகின் முன்பக்கம் தோளில் மெல்ல வந்து தட்டியது.

அசனார் வந்துதான் அவனைத் தூக்கிப் படகில் போட்டான். ஸாலிஹா எதிரே உட்கார்ந்திருந்தாள். நூல் அறுத்த விரல்களிலிருந்து ரத்தம் சொட்டியது.

"ஓட்டுறவர் தண்ணில விழுந்தா எஞ்சின நிப்பாட்டுறது எது?" என்று கேட்டாள்.

"சிவத்தக் கயிறு," என்றான், பல் கிட்டிக்க.

"அது பரீட்சைக்கு எழுதின விடை. இப்ப சொல்லுங்க."

நிஸ்தார் அவள் விரல்களைப் பார்த்தான். அசனார் நிற்கிறானே என்றும் பாராமல் வாய்விட்டு அழுதான்.