திம்மையா பிடித்த ஏரியல்

என் மகன் திம்மையாவின் முதல் பிறந்தநாளுக்கு இலங்கை வானொலியில் வாழ்த்துச் சொல்லப்போகிறார்கள் என்று பாளையம்பட்டி முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான். கார்டு எழுதிப் போட்டவளும் நான்தான். அறுபத்தெட்டில் அது லேசுப்பட்ட காரியமா?

நாத்தனார் நாகமணிக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க பேர வாசிக்கத்தான் அவுக கடலுக்கு அங்கிட்டு உக்காந்திருக்காகளாக்கும், மதினி!" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "வாசிக்கலேன்னா ஒரு மாசம் ஒந் தறிக்கு நாந்தான்டீ நூல் தார் சுத்துவேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் ஊருக்கே ஒன்றான பஞ்சாயத்து ரேடியோ ஞாபகத்துக்கு வந்தது. அதன் ஏரியல் ஆடிக்காற்றில் அறுந்து போயிருந்தது. தலைவர் சங்கரபாண்டியன் மதுரையிலிருந்து பீங்கான் குமிழ் வைத்த புது ஏரியல் வாங்கி வந்தார். என் வீட்டுக்காரர் அப்பய்யா சும்மா இருப்பாரா? பழைய மோட்டார்க் கம்பியை உருவி வேப்பமரத்துக்கும் பஞ்சாயத்துக் கூரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்.

பிறந்தநாளன்று சாயங்காலம் ஊரே ரேடியோ ரூம் முன்னால் கூடியது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேடியோவை ஒட்டி நின்றேன். தலைவருடையதை மாட்டினால் இலங்கை கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. இவருடையதை மாட்டினால் கணீரென்று பேசியது, ஆனால் திருச்சியும் சேர்ந்து பேசியது.

"ஏப்பா, தறிக்குப் பாவு நூல் இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டுனா அது ஏரியலா? இது கம்பெனி சாமான்" என்றார் தலைவர்.

"கம்பெனி பேரு காதுல விழுமா தலைவரே? நம்மளது நீளம்!"

ஆளுக்கொரு கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். ரேடியோவிலிருந்து தொங்கிய துண்டு வயரில் எதுவுமே மாட்டவில்லை. வாழ்த்து நேரம் வந்துவிட்டது. கூரை மேலிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் வெறும் இரைச்சல்.

"அடப் பாவிகளா, எதையாச்சும் மாட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

திடீரென்று குழாய் பேசியது. "பாளையம்பட்டியிலிருந்து, செல்வன் திம்மையா..."

திரும்பிப் பார்த்தால், என் பிள்ளை அந்தத் துண்டு வயரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான்!

"ஐயோ, வாயில கம்பி!" என்று நாகமணி பாய்ந்து பிடுங்கினாள். குழாய் ஊமையாகிவிட்டது.

"குடுடீ! பேட்டரி ரேடியோதான், ஒண்ணும் பண்ணாது!" வயரைப் பறித்து அவன் கைக்குள் திணித்தேன்.

"...அம்மா கங்கம்மாள், அப்பா அப்பய்யா, அன்பு அத்தை நாகமணி..."

நாகமணி அப்படியே நின்றுவிட்டாள். அவள் பேரையும் நான் எழுதிப் போட்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊர் கைதட்டியது. தலைவரும் அப்பய்யாவும் இன்னும் கம்பியும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

எங்கள் வாழ்த்து முடிந்து அடுத்த ஊர்ப் பிள்ளையின் பேரை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாகமணி மட்டும் திம்மையாவின் கையை வயரோடு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு விடவே இல்லை.

"இன்னொருக்காச் சொல்லுவாக மதினி," என்றாள், "பிடிச்சுக்கிட்டே இருப்போம்."