பால் ஆறட்டும்

அப்பாதுரை பால் டம்ளரைக் கொல்லை வாசற்படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"இங்கிலீஷ் மருந்து சூடு. பால்ல முழுங்கினாத்தான் உடம்பு தாங்கும்."

சுவருக்கு ஒரு வியாதியும் இல்லை. வாசற்படிக்கு உள்ளே, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் மயில்வாகனத்துக்குத்தான் அந்த யோசனை. அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. பிள்ளையார்பாளையத்து வீட்டை இரண்டாக்கிச் சுவர் எழுப்பியவர்களால் கிணற்றை மட்டும் வகுக்க முடியவில்லை. அதனால் கொல்லை பொதுவிலேயே கிடந்தது.

எல்லாம் ஒரு சேலைக் கரையால் வந்தது. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அண்ணன் சேலையின் உடலை நெய்ய, தம்பி வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடா போடுவான். ஒருநாள் கரை பிசகியது, வார்த்தை தடித்தது. "உன் கை இல்லன்னா என் தறி நின்னுடுமா?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். தறி நிற்கவில்லை. தனியாளாக நெய்யக்கூடிய சேலைகளுக்கே பாவு வாங்கி நெய்து வீம்பைக் காப்பாற்றிக்கொண்டார். மனைவி செல்லியம்மாள் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் தறிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. சமைப்பது ஒருவேளை, சாப்பிடுவது நின்றுகொண்டே. தறி மிதிபலகையின் மரச்சிம்பு உள்ளங்காலில் ஏறிச் சீழ் கோத்துத் தறிச் சத்தமும் நின்றபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் உறைத்தது போலிருக்கிறது. காலையிலும் மாலையிலும் பால் வர ஆரம்பித்தது.

அம்மாவின் பெயர் வெட்டிய பித்தளை டம்ளர் அது. பாகத்தில் தம்பிக்குப் போனது. மயில்வாகனம் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு பாலைக் குடிக்கும்வரை அப்பாதுரை கிணற்றை வேடிக்கை பார்ப்பான். காலி டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக மயில்வாகனம் விடியும்போதே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். இந்த வயதில் இப்படி ஏங்குகிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

புண் மட்டும் ஆறவில்லை. வீக்கம் கணுக்காலைத் தாண்டவும், ரிக்‌ஷாவில் ஏறி, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே மறுபடியும் போனார்.

"எதுலய்யா மாத்திரை முழுங்கற?"

"பால்லங்க. மருந்து சூடாச்சே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் தண்ணின்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பாலு இந்த மருந்தைப் புடிச்சு வெச்சுக்கும்யா, உடம்புல சேர விடாது. அப்புறம் காலுக்கு எங்கேருந்து போவும்? இன்னும் மேல ஏறிச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்." வேறு சீட்டில் மறுபடியும் எழுதினார். "முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குப் பாலு, மோரு எதுவும் கூடாது. ஆறிட்டாப்போல இருக்குதேன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது. எல்லாத்தையும் முடிக்கணும்."

திரும்பி வரும்போது காலைவிட அந்த டம்ளரின் நினைப்புதான் கனத்தது. பால் வேண்டாம் என்றால் தம்பி என்ன நினைப்பான்? அன்றைக்குக் கை வேண்டாம் என்றவன் இன்றைக்குப் பாலும் வேண்டாம் என்கிறான் என்றுதானே நினைப்பான்? ரோஷக்காரன், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ஒரு கால் போனால்தான் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனார். கால் இல்லாதவன் தறிக்குழியில் உட்கார்ந்து எதை மிதிப்பான்?

சாயங்காலம் பால் வந்தது. தம்பி கிணற்றைப் பார்க்க ஆரம்பித்தான். மயில்வாகனம் சொம்புத் தண்ணீரை எடுத்து, மாத்திரையைப் போட்டு, மடமடவென்று குடித்தார். சொம்பு வைத்த சத்தத்தில் அப்பாதுரை திரும்பினான். தொடாத பாலைப் பார்த்தான். முகம் இறுகியது. குனிந்து டம்ளரை எடுக்கப் போனான்.

"தொரை."

கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போன குரல் கரகரத்தது. அவன் குனிந்தபடியே நின்றான்.

"இந்த மருந்துக்குப் பாலு ஆவாதாம்டா. அதான் புண்ணு ஆறாம இருந்துக்கினு இருக்குது. ரெண்டு மணி நேரம் போவணுமாம்."

அப்பாதுரை நிமிர்ந்தான். சுவரைத் தேடாமல் முதல்முறையாக அண்ணன் காலைப் பார்த்தான். "அப்போ நான்தான் உன் காலைக் கெடுத்தனா?"

"குடிச்சவன் நான்தானே?"

பக்கத்து வீட்டில் யாரோ பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் வாசனை வந்தது.

"பாலு இருக்கட்டும். அப்புறமா குடிக்கறேன்," என்றார் மயில்வாகனம்.

"டம்ளரு?"

"வந்து எடுத்துக்கினு போ."

அப்பாதுரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடியும் கேட்டது. இருட்டத் தொடங்கவே மயில்வாகனம் ஒற்றைக்காலில் நொண்டிப் போய் விளக்கை ஏற்றினார். வழக்கமாக இந்நேரத்துக்குப் போட்டுவிடும் கொல்லைக் கதவைத் திறந்தே விட்டார். டம்ளரை விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது; பால் ஆறி ஆடை படிந்திருந்தது. அந்தப் பக்கம் தறி நின்றுவிட்டது.

அவர் இன்னும் குடிக்கவில்லை.