ஏழாம் மதகின் சிவப்பு அட்டை

கம்பிவெட்டி எடுத்துப் போகத்தான் வாய்க்கால் வேலை பார்க்கும் டெல்மர் பாசன அலுவலகத்துக்கு வந்தான். ஏழாம் மதகுக்குக் கீழே, சாலைக்கடியில் போகிற பெரிய குழாயில் முள்கம்பியும் செத்தையும் அடைத்துக் கிடந்தன. காலையிலேயே மதகை இறக்கி, குழாயை வடியவிட்டாயிற்று. மைத்துனன் லைல் உள்ளே தவழ்ந்துபோய் சேறு வாரிக்கொண்டிருந்தான். மதகுச் சக்கரத்தில் டெல்மர் மாட்டிய சிவப்பு அட்டை தொங்கியது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மாட்டியவன் கழற்றும்வரை அந்தச் சக்கரத்தை எவனும் தொடமாட்டான். அமெரிக்காவின் ஐடஹோவில் ஓடும் இந்த வாய்க்காலைப் பொறுத்தவரை அதற்கு மேல் சட்டம் கிடையாது.

போன வருஷம் மதகுகளுக்கு மோட்டார் வைத்தார்கள். மோட்டாரை இயக்க இணையத்தில் ஒரு வாசல். அதை ஏபிஐ என்றார்கள். அந்த வாசலுக்கும், விவசாயிகளுக்குப் பதில் சொல்கிற ஏஐ உதவியாளனுக்கும் நடுவே தரகன் மாதிரி ஒரு டூல் சர்வர். அலுவலகத்து மாரென்தான் அதைக் கட்டினாள். நேற்று மாலைதான் இணைத்தாள். டெல்மருக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை. முகமில்லாதவனிடம் எவனாவது சாவியைக் கொடுப்பானா?

"அது தண்ணி அளவ மட்டுந்தான் பாக்கும், டெல்மர். கண்ணு உண்டு, கை கெடையாது. வீட்ல உங்க நெலம மாதிரி," என்றாள் மாரென்.

"என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. சந்தோஷப்படுவா."

அப்போது அவள் திரையில் ஒரு கேள்வி வந்தது. ஏழாம் மதகுக்கு எதிர்வீட்டு ரூலன். "என் பீட்டுக் கெழங்கெல்லாம் வாடுது. தண்ணி எங்க?"

கீழே பதில் ஓடியது. "ஏழாம் மதகு மூடியிருக்கிறது. இன்று உங்கள் முறை. திறக்கிறேன்."

டெல்மர் இரண்டு தரம் படித்தான்.

"திறக்கிறேன்னா என்னம்மா அர்த்தம்?"

மாரென் விசைப்பலகையை இழுத்தாள். "வாசல்ல இருந்த கட்டளையெல்லாம் சர்வர் தானா எடுத்து வச்சுக்கும். நான்... வேண்டாதத நீக்கணும்னு இருந்தேன்."

"லைல் குழாய்க்குள்ள இருக்கான்."

வாசலில் நுழைய சர்வருக்குக் கொடுத்திருந்த ரகசிய எண்தான் சாவி; அவள் பாய்ந்து அதை ரத்து செய்தாள். உதவியாளனின் கை முடங்கியது. ஆனால் மூடவும் அதே சாவிதான் வேண்டும் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன கட்டளை போனதுதான். ஒன்பது மைலுக்கு அப்பால் மோட்டார் மதகைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

"புது சாவி எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

நாலு நிமிஷத்தில் குழாய் நிரம்பிவிடும். லைலின் போன் வண்டியில் கிடந்தது. டெல்மர் ரூலனைக் கூப்பிட்டான். இரண்டு முறை எண் தப்பியது.

"என்ன டெல்மர், உன்ன விட உங்க எந்திரம் நல்லா வேல செய்யுதே. கேட்ட ஒடனே தண்ணி."

"வாய மூடிட்டு மதகுக்கு ஓடு. லைல் குழாய்க்குள்ள இருக்கான். மோட்டார் சுவிட்ச அணச்சிட்டு சக்கரத்தக் கையால சுத்தி மூடு."

ஓடுகிற சத்தம். மூச்சிரைப்பு. பிறகு காலடி நின்றது.

"ரூலன்?"

"சுவிட்ச அணச்சிட்டேன். சக்கரத்துல சிவப்பு அட்டை தொங்குதேய்யா."

"நான் மாட்டினதுதான். சுத்து."

"அட்டை மாட்டின சக்கரத்த எங்கப்பன்கூட தொட்டதில்ல. நீ டெல்மருன்னு நான் எப்பிடி நம்புறது? இப்பத்தான் ஒரு எந்திரம் மனுசன் மாதிரியே எங்கிட்டப் பேசிச்சு."

பின்னால் தண்ணீர் இரைவது போனில் கேட்டது. என்ன சொன்னால் நம்புவான் இந்தப் பாவி?

"கிறிஸ்துமஸுக்கு நீ குடுத்த பன்றித் தொடை உப்புக் கரிச்சுது. நல்லாயிருந்துச்சுன்னு பொய் சொன்னேன். நாய்க்குத்தான் போட்டேன். நாயும் பாதிய விட்டுருச்சு."

பிறகு துருப்பிடித்த சக்கரம் கிரீச்சிட்டது. ஒவ்வொரு சுற்றையும் டெல்மர் காதாலேயே பிடித்துக்கொண்டிருந்தான். மாரென் அழுவது அவனுக்குக் கேட்கவில்லை.

"மூடியாச்சு. குழாய்ப் பக்கம் போறேன்," என்றான் ரூலன்.

சரளைக்கல்லில் காலடி. "லைல்," என்று கூப்பிடுவது கேட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். அப்புறம் ஒரு இருமல், வாந்தியெடுக்கும் சத்தம், அதன் பின்னே டெல்மரின் வம்சத்தையே இழுத்து லைலின் வசவு.

டெல்மர் உட்கார்ந்துவிட்டான். மாரென் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அந்தத் தரகன் கையில இன்னும் என்னென்ன குடுத்து வச்சிருக்க? படி."

மாரென் படித்தாள். "மதகைத் திற. மதகை மூடு. எல்லா மதகையும் திற."

"நிறுத்து," என்றான் டெல்மர். "அந்தச் சாவி நெசமாவே செத்துருச்சா?"

"செத்துருச்சுன்னுதான் திரை சொல்லுது."

அவன் போனை எடுத்தான். அன்றைக்கு வாய்க்காலில் வேலையாயிருந்த பதினொரு பேரையும் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, வாய்க்காலையும் குழாயையும் விட்டு வெளியே வரச் சொன்னான்.