எர்லிண்டாவின் இடுப்புவலி

எர்லிண்டாவின் இடுப்புவலி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மாதா கோயில் கூடத்தில், யோகா வகுப்பின் நடுவே உடம்பைவிட்டுக் கழன்று தரையில் விழுந்தது. அரிசி மூட்டை அளவு, ஈரச் சாம்பல் நிறம், தொட்டால் சூடு. பொகோட்டாவுக்கு மேற்கே ஒரு பூப்பண்ணையில் பத்தொன்பது வருடம் குனிந்து ரோஜா வெட்டிச் சேர்த்த வலி. "ஓரமா தள்ளிட்டு மூச்ச விடுடி," என்றாள் வகுப்பெடுத்த கர்மென்சா. மழைக்காலம் ஓய்வதற்குள் முப்பத்தொரு பெண்களின் வலி சுவரோரம் அடுக்கியிருந்தது.

வகுப்புக்குக் கைக்காசு போட்டு மாளவில்லை. பண்ணையில் உடற்பயிற்சிச் சலுகை என்று ஒன்று இருந்தது. ஊரிலுள்ள ஜிம்முக்குப் போனால் கம்பெனி பணம் கட்டும். நாள் முழுக்க பூ வாளி தூக்கியவள் அங்கே போய் இரும்பு தூக்க வேண்டுமா? யோகாவையும் சேர்க்கச் சொல்லி எர்லிண்டா பணியாளர் அதிகாரி பெர்னாலிடம் போனாள். அந்த ஊரில் மேலதிகாரி எவரானாலும் கூப்பிடுவது டாக்டர் என்றுதான்.

"யோகான்னா கண்ண மூடிப் படுத்துக்கறதுதானேம்மா. தூங்கறதுக்குக் கம்பெனி குடுக்குமா?" என்றார் பெர்னால்.

"காதலர் தின ஆர்டர் வந்துட்டா கண்ண மூட எங்க விடறீங்க, டாக்டர்?"

"பயிற்சிதான் தினம் நடக்குதே," என்று பெர்னால் ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். வேலை நடுவே ஐந்து நிமிடம் கைகாலை நீட்டிப் பயிற்சி செய்ததாக எல்லோரும் தினமும் போட்ட கையெழுத்து. ஒருநாள்கூட நீட்டவிட்டதில்லை, கையெழுத்தை மட்டும் மேஸ்திரி தவறாமல் வாங்கிக்கொள்வார். அயோக்கியத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? பண்ணையின் சலுகைக் குழு கூடி, யோகா உடற்பயிற்சி ஆகாது என்று எழுதிக் கொடுத்தது. வகுப்பு நின்றது. ஞாயிறு பூசைக்குள் கூடத்தைக் காலிசெய்யச் சொன்னார் பாதிரியார்.

வலியைத் திரும்ப மாட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேர் தூக்கக் குனிந்தும்விட்டார்கள். எர்லிண்டா அவர்களைத் தடுத்தாள். பண்ணையின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை காலை பெர்னாலின் அறைவாசலில் முப்பத்தொன்றும் இறங்கின.

"உங்க பொருள எடுத்துட்டுப் போங்க," என்று கத்தினார்.

"கம்பெனி பொருள், டாக்டர்," என்றாள் எர்லிண்டா. "உங்க பூவோட சேந்து வளந்தது. பூவ எடுத்துக்கிட்டீங்கல்ல, இதையும் வெச்சுக்குங்க."

நான்கு காவலாளிகள் இழுத்தும் நகரவில்லை. வலி பட்டவள் கைக்குத்தான் அது அசைந்தது.

எத்தனையோ பிப்ரவரிகள் போய்விட்டன. மதிய இடைவேளையில் ரோஜாப் பெட்டி அட்டைகளை விரித்து கர்மென்சா ஓசியில் சொல்லிக்கொடுக்கிறாள். கழன்று விழுவதை அவரவர் உருட்டிக்கொண்டுபோய் அந்த வாசலில் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். எர்லிண்டா நிமிர்ந்துதான் நடக்கிறாள். யோகாவுக்கு இன்றுவரை சலுகை இல்லை. வாசல் மேல்நிலைவரை அடைபட்டுவிட்டதால் பெர்னால் ஏணி வைத்து ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிறார். அது உடற்பயிற்சிதான் என்று குழு எழுதிக் கொடுத்திருக்கிறது.